கை மாறிய பிளாஸ்திரி

மாமா,

அக்கா தூங்குகிறாள். அவள் கண்ணில் படாமலிருக்கத்தான் இதை உங்கள் ஹெல்மெட்டுக்குள் வைக்கிறேன்.

நேற்று அவளிடம், "ரெண்டு குழாய் ரத்தம் எடுத்துட்டாங்க, தலையே சுத்துது" என்று முனகினீர்கள். அப்போது பிளாஸ்திரி இடது கையில் இருந்தது. இன்று காலை அது வலது கைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. விஞ்ஞானிகள் ஆராய வேண்டிய விஷயம். நான் லேபுக்கு ஃபோன் மட்டும் செய்தேன். "அந்தப் பேர்ல யாருமே வரலையே தம்பி" என்றார்கள்.

டாக்டர் சொன்னதை நீங்களும்தான் கேட்டீர்கள். வயிற்றிலிருக்கும் குட்டிக்கு ரத்தம் வலுவாக இல்லை. அதன் இதயம் இரட்டை வேலை பார்த்து வீங்கியிருக்கிறது. அக்காவின் ரத்தத்தில் குறை இருப்பது தெரிந்துவிட்டது. உங்களுடையதையும் பார்த்தால்தான் என்ன நோய், என்ன சிகிச்சை என்று சொல்ல முடியுமாம்.

லேபில் உங்களுக்கு டோக்கன் எடுக்கக் கிளம்புகிறேன். பத்து மணிக்குள் வந்துவிடுங்கள். அக்காவின் சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். பைக் சாவி மேசைமேல், நட்டநடுவில் இருக்கிறது. காணவில்லை என்று சொல்ல முடியாது.

இப்படிக்கு,
மச்சான்

பி.கு: ஊசிக்குப் பயம் என்றால் நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன், யாரிடமும் சொல்ல மாட்டேன். பரிசோதனை முடிவுக்குப் பயம் என்றால், அக்கா தன்னுடைய முடிவைத் தனியாகப் போய்த்தான் வாங்கி வந்தாள்.