மதியத்துக்குப் பிறகு நகர்ந்த கோடு

ஜூன் 2
இவருடைய அண்ணன் மறுபடி வந்துபோனார். குத்தகைப் பேச்சுதான். "டிராக்டர் ஓட்டத் தெரியும்கிறே, சரி. சோளத்தைக் கோணல்மாணலா விதைச்சா, களையெடுக்கிற மெஷின் பயிரையே அரிஞ்சுடும்மா. முளைக்கட்டும், பார்ப்போம். வரிசை சரியில்லேன்னா நிலத்தை என்கிட்ட விட்டுடு."

தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்? வாதத்தில் வலதுபக்கம் விழுந்து, பேச்சும் போய்க் கட்டிலில் கிடக்கிற மனுஷன் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் ஓட்டினால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். நான் ஓட்டினால் பாம்பு போன தடம்.

ஜூன் 4
டிராக்டரை நேராக ஓட்ட வழி காட்டுகிற கருவி கேட்டுப் போனேன். கடைக்காரர் மூன்று விதம் காட்டினார். ஒன்று தானே ஸ்டியரிங்கைத் திருப்புமாம். விலையைக் கேட்டதும் தொட்ட கையை எடுத்துக்கொண்டேன். இன்னொன்று செல்போனிலேயே ஓடுவது. "அது ஊருக்கு வழி காட்டும்க்கா, வயலுக்குக் காட்டாது" என்று அவரே ஒதுக்கிவிட்டார். மூன்றாவது, டிராக்டர் கூரையில் ஒட்டுகிற ஜிபிஎஸ் வில்லையும் கண்ணுக்கு நேரே ஒரு விளக்குப் பட்டையும். முதல் சாலின் தொடக்கத்தையும் முடிவையும் அழுத்திக் குறித்தால், அடுத்தடுத்த சாலுக்கு அதுவே கோடு போட்டுக்கொள்ளும். இடது விளக்கு எரிந்தால் இடதுபக்கம் திருப்பணும். பச்சை என்றால் நேர். திருப்புவது நான்தான்.

"இது போதுமா?" என்றேன்.

"உங்க கை எப்படியோ அப்படி."

நல்லா சொன்னாரு. வாங்கிவிட்டேன்.

ஜூன் 5
தூக்கமில்லை.

ஜூன் 7
காலையில் பச்சை, பச்சை, பச்சை. தனியாகச் சிரித்தேன். மதியம் வண்டியை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய் அவருக்கு ஊட்டி, துணி மாற்றி, திரும்பி வந்து விளக்கையே பார்த்து ஓட்டினேன். அப்போதும் பச்சைதான். சாயங்காலம் இறங்கிப் பார்த்தால் — காலையில் விதைத்த வரிசை மேலேயே மறுபடி விதைத்திருக்கிறேன்.

போச்சு. பச்சை எரிஞ்சுதே, நான் என்ன பண்ணுவேன்? சக்கரத்தில் சாய்ந்து அழுதேன்.

கடைக்காரருக்குப் போன் போட்டுக் கத்தினேன். "நடுவுல எங்கயாவது போனீங்களா? அதான். இந்த விலைக்கு அது அப்படித்தான்க்கா. தொடர்ந்து ஓட்டினா பிசகாது. நிறுத்திட்டு வந்தா கோடு நகர்ந்திருக்கும். பழைய சாலுக்கு நேரா வண்டியை நிறுத்தி, கோட்டை இழுத்து வெச்சுட்டுத்தான் எடுக்கணும்."

முன்னாடியே சொல்ல மாட்டீங்களா என்றேன். "நடுவுல யாரும் அவ்வளவு நேரம் போகமாட்டாங்களே" என்கிறார். மற்றவர்களுக்கு வயலுக்கே சாப்பாடு வரும். எனக்கு யார் கொண்டுவருவது?

ஜூன் 8
மேகம் கட்டுகிறது. பாதி வயல் பாக்கி. இன்றைக்கு வண்டியைத் தொடவே பயம். நிலம் போனால் அதில் நிற்கிற இந்த வீடும் அண்ணன் கைக்குத்தான் போகும். எங்காவது ஓடிப்போயிடலாம் போல இருக்கு. இவரை விட்டுட்டா?

ஜூன் 9
பக்கத்து வீட்டு அண்ணியைக் கூப்பிட்டு, இவரைச் சக்கர நாற்காலியோடு வயலோர நிழலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். எனக்கு வேறு வழியில்லை. மதியம் ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை. எனக்கு வந்ததே கோபம். "தின்னா தின்னுங்க, இல்லேன்னா கிடங்க. எனக்குக் கோடு நகர்ந்துடும்" என்றேன். சாப்பிட்டார்.

அவசரத்தில் கோட்டை இழுத்து வைக்க மறந்துவிட்டேன். பச்சை எரிகிறதே என்று கிளம்பினேன். அவர் இடது கையைத் தூக்கி ஆட்டினார், நிறுத்தாமல் ஆட்டினார். இறங்கிப் பார்த்தேன். அரை அடி விலகியிருந்தது. கோட்டைச் சரிசெய்து, அவர் கையைப் பார்த்துக்கொண்டே மறுபடி எடுத்தேன். கை இறங்கியது.

மழைக்கு முன் முடித்துவிட்டேன்.

ஜூன் 18
முளைத்துவிட்டது. அண்ணன் வயல் கடைசி வரைக்கும் நடந்தார். இரட்டையாக முளைத்த இடத்தில் நின்று, "இது?" என்றார்.

"அது முதல் நாள்."

குத்தகையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. போகும்போது கூரை வில்லையை அண்ணாந்து பார்த்து, "எந்தக் கடை?" என்றார்.

ஜூலை 1
களைக்கருவியை டிராக்டரில் பூட்டினேன். நாற்காலியைத் தள்ளும்போது அவர் கதவுப் பக்கம் கை காட்டி என்னவோ சொன்னார். புரியவில்லை. மறுபடி சொன்னார்.

"தொப்பி."

ஆணியிலிருந்து எடுத்து அவர் தலையில் மாட்டிவிட்டேன். வெளியே நல்ல வெயில்.