ஞானஸ்நானம் என்று வாசித்தது

ஆலங்குடா
19.01.2025

என் பாசமுள்ள மருமகன் நிலுக்சனுக்கு,

உன் தாய்மாமன் பஸ்தியான் கடற்கரையிலிருந்து எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே எல்லோரும் சுகம். அந்த மலைக் குளிரில் உனக்குத் தடிமன், காய்ச்சல் ஒன்றும் வரக்கூடாது என்று உன் அம்மா நாள் தவறாமல் மெழுகுதிரி கொளுத்துகிறாள். மெழுகுதிரி வாங்கிக் கொடுத்தது நான்.

உங்கள் மடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் போன் தடை என்பதால்தான் பேனையைத் தூக்கினேன். ஐந்தாம் வகுப்புக்காரன் எழுத்து என்று சிரிக்காதே. என் காலத்து ஐந்தாம் வகுப்பு இந்தக் காலத்து கம்பஸ் படிப்புக்குச் சமம் என்று ஒரு பெரிய வாத்தியாரே என் தோளில் தட்டிச் சொல்லியிருக்கிறார்.

போன கிழமை வெள்ளைக்காரர் ஆறு பேரை வள்ளத்தில் ஏற்றி டொல்பின் காட்டப் போனேன். ஒரு விசில்தான் அடித்தேன். ஆயிரம் டொல்பின் வந்து நின்றது. இஞ்சின் பிடித்த ஃபாஹிம் நாற்பது என்று சொல்லித் திரிகிறான். அவனுக்கு எண்ணத் தெரியாது.

ஊரெல்லாம் உன் கதைதான். "சுவாமி எப்ப வாறார்?" என்று சின்னப் பிள்ளைகள்கூட என்னைத்தான் கேட்கின்றன. நம்முடைய குடும்பத்தில் இதுவரை ஒரு சுவாமியும் இல்லை. நீ பிரதர் ஆகிவிட்டாய். அடுத்தது சுவாமி, அதற்கடுத்தது ஆயர். ஆயர் என்பதை நான் இன்னும் இரண்டு பேரிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

பாலாவிச் சந்தியில் பெனர் அடிக்கிற கடையில் உன் படத்துக்குப் பூசை உடுப்புப் போடக் கொடுத்திருக்கிறேன். என்னிடம் இருந்தது நீ ஹோட்டல் யூனிபோமில் நின்ற படம். அதனால் கழுத்துக்கு மேலே நீ, கழுத்துக்குக் கீழே வேறு யாரோ ஒரு சுவாமி. ஒட்டுத் தெரியாது. நீ உயிர்ப்புத் திருநாளுக்கு வரும்போது அந்தச் சந்தியிலேயே உன்னை நீ பார்க்கலாம்.

உன் அம்மா இதைக் கேட்டுச் சும்மா சிரிக்கிறாள். விளங்காத மனுசி. நீ விபரமாக எழுது.

உன்னால் தலை நிமிர்ந்து நடக்கும் மாமா,
பஸ்தியான்

*

நவசந்நியாச இல்லம்
09.02.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துச் சிரித்தேன். ஆயிரம் டொல்பினையும் நம்புகிறேன். அம்மாவின் கண்ணுக்கு மருந்து தவறாமல் விடச் சொல்லுங்கள்.

ஒன்றை உங்களுக்கு முன்பே விளங்கச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவுக்குத் தெரியும். பிரதர்மாரில் இரண்டு விதம் இருக்கிறது, மாமா. சுவாமியாவதற்குப் படிக்கிற பிரதர்மார் வேறு. எங்கள் சபையில் பிரதர் கடைசி வரைக்கும் பிரதர்தான். நாங்கள் பூசை வைப்பதில்லை, பாவசங்கீர்த்தனம் கேட்பதில்லை. நான் ஒரு நாளும் சுவாமியாக மாட்டேன். அதைத் தெரிந்துதான் வந்தேன்.

இங்கே மடத்தோடு ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. காலையில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறேன். படுக்கையில் இருப்பவர்களின் துணி மாற்றுவதும், சோறு ஊட்டுவதும் என் வேலை. ஒருவர் முதல் மாதம் முழுக்கச் சிங்களத்தில் என்னைத் திட்டினார், துப்பினார். இப்போது நான் வரப் பிந்தினால் தேடுகிறார்.

ஹோட்டலில் கோப்பை தூக்கும்போதும் குனிந்துதான் நின்றேன். அது சம்பளத்துக்கு. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால் கழுவக் குனிந்த இயேசுதான் என்னைக் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். அவர் குனிந்த இடத்தில் நானும் கொஞ்சம் குனிந்து பார்க்கிறேன். அவ்வளவுதான்.

பெனர் வேண்டாம், மாமா. பெரிய கிழமையில் அம்மாவைப் பார்க்க நான்கு நாள் லீவு தருகிறார்கள்.

அன்புடன்,
நிலுக்சன்

*

ஆலங்குடா
23.02.2025

அன்பு மருமகனுக்கு,

உன் கடிதம் என் தலையில் இடி மாதிரி விழுந்தது. தனியாக விழுந்திருந்தாலும் பரவாயில்லை. உன் கடிதம் வந்தால் கடற்கரை வாடியில் கிழிந்த வலை பொத்துகிறவர்களுக்கு முன்னால் சத்தமாக வாசிப்பது என் வழக்கம். உன் அம்மாவும் அங்கேதான் இருந்து கேட்பாள்.

பிரதர்மாரில் இரண்டு விதம் என்ற பந்தி வந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது. அதைத் தாண்டி வாசித்தேன். "காலையில் முதியவர்களை" என்ற இடத்தில் நாக்கு நின்றுவிட்டது.

"என்ன பஸ்தியான், இஞ்சின் நிண்டு போச்சு? ஒங்கட மருமகன் காலையில முதியவங்கள என்ன செய்றாராம்?" என்று ஃபாஹிம் கேட்டான்.

நான் என்ன செய்வேன்? "ஞானஸ்நானம் குடுக்கிறானாம்!" என்று வாசித்துவிட்டேன். இரண்டிலும் தண்ணீர்தானே ஊற்றுகிறது. எல்லோரும் கை தட்டினார்கள். உன் அம்மா மட்டும் என்னைப் பார்த்தாள். பிறகு வலையைப் பார்த்தாள்.

அதோடு முடிந்திருந்தால் நல்லது. நம்முடைய அடுத்த வீட்டு ஷானிகா, புருசன் குவைத்தில் இருக்கிறவள், அவளும் அங்கே நின்றாள். "அப்ப மாமா, என்ட பிள்ளைக்கும் நிலுக்சன் தம்பிதான் தண்ணி ஊத்தோணும்" என்று பிடித்துக்கொண்டாள். பங்குச் சுவாமி கொடுத்த தேதியை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பெரிய சனியன்று சிலாபத்திலிருந்து ஞானத்தாய், ஞானத்தகப்பன் எல்லோரும் வருகிறார்களாம்.

அவசரத்துக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று ஞானோபதேசத்தில் படித்தோமே. பிள்ளைக்குக் கொஞ்சம் சளி இருக்கிறது. அதை அவசரம் என்று எடுக்க முடியாதா? உன் மடத்துப் பெரியவரிடம் கேட்டுப் பார்.

முடியாது என்றால் நீ வெள்ளை உடுப்போடு வந்து, ஒன்றும் கதையாமல் நில். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்த ஒரு உதவியைச் செய். என் தங்கச்சியின் மகன் கிழவர்மாரின் பின்பக்கம் கழுவுகிறான் என்று நான் எந்த முகத்தோடு சொல்வேன்? உன்னை நான்தான் தூக்கி வளர்த்தேன். அதற்காகவா?

வெட்கத்துடன்,
மாமா

*

நவசந்நியாச இல்லம்
16.03.2025

அன்புள்ள மாமாவுக்கு,

என்னைத் தூக்கி வளர்த்தது நீங்கள்தான். காய்ச்சலில் நான் வாந்தி எடுத்தபோது கையில் ஏந்திக் கழுவியதும் நீங்கள்தான். அதை ஊருக்குச் சொல்ல நீங்கள் வெட்கப்பட்டதில்லை.

என்னால் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது. சும்மா நிற்கவும் முடியாது. ஷானிகா அக்கா நம்பிக் காத்துக்கொண்டிருக்கிறா. நான் வருவதற்கு முன்னால் அவவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இப்போதே சொன்னால் பங்குச் சுவாமியிடம் வேறு தேதி கேட்கலாம், சிலாபத்தாரையும் மறிக்கலாம். நான் வந்து சொன்னால் அது உங்களுக்குத்தான் கஷ்டம்.

தயவு செய்து சொல்லுங்கள், மாமா.

நிலுக்சன்

*

ஆலங்குடா
27.04.2025

அன்பு மருமகனுக்கு,

பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் சரியாக ஒன்றும் கதைக்காமல் போய்விட்டாய். மனதில் பிழையாக எதையும் வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஷானிகாவிடம் சொல்லத்தான் நான் இருந்தேன். ஒரு நாள் அவள் வீட்டில் இல்லை. இன்னொரு நாள் எனக்குக் கடல். பிறகு பெரிய கிழமை வந்துவிட்டது. சனி காலையில் அவள் பிள்ளைக்கு வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கோவில் முற்றத்துக்கு வந்து உனக்கு முன்னால் நின்றபோது, நீ பக்குவமாக நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லியிருக்கலாம். உன்னால் ஞானஸ்நானம் கொடுக்க முடியாது என்று அப்படியே போட்டு உடைத்தாய். போதாததற்குக் கை கூப்பி அவளிடம் மன்னிப்பும் கேட்டாய். எங்கள் குடும்பத்தில் யாரும் யாரிடமும் கை கூப்பியதில்லை.

நல்ல காலம், நான் அந்த இடத்தைச் சமாளித்தேன். "பொடியன்ட எழுத்து கோழி கிளறின மாதிரி, வாசிக்க விளங்கேல்ல" என்று சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஷானிகாவும் சிரித்தாள். சிலாபத்தாருக்கு வேறு அலுவல் இருந்ததால் வெள்ளனப் போனார்கள். பாலாவிச் சந்தியில் கட்டியிருந்த உன் பெனரைக் காற்றுக் கிழித்துவிட்டது.

இப்போது எல்லாம் சரி. ஊரில் யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. என்னிடம் யாரும் எதைப் பற்றியும் கதைப்பதில்லை. அலுவல் கூடின காலம்.

உன் மாமா,
பஸ்தியான்

*

நவசந்நியாச இல்லம்
25.05.2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. இனி எழுத்தைத் தெளிவாக எழுதப் பார்க்கிறேன்.

பஸ்ஸில் ஏறும்போது எனக்குக் கதைக்க வரவில்லை என்பது உண்மை. கோபமில்லை. அன்று ஷானிகா அக்காவுக்கு முன்னால் எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. சிலாபத்தார் என்னை மேலும் கீழும் பார்த்த பார்வை இரண்டு நாள் நெஞ்சில் நின்றது. செத்துப்போன ஒருவருடைய ஞாபகத்துக்காக என்றால் அதை என்னால் தாங்கியிருக்க முடியாது. இயேசு உயிரோடு இருக்கிறார், மாமா. அந்த முற்றத்திலும் பக்கத்தில் நின்றார். அதனால்தான் நிற்க முடிந்தது.

ஆகஸ்ட் இரண்டாம் தேதி எனக்கு முதல் வார்த்தைப்பாடு. ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்று மூன்று வாக்குக் கொடுப்போம். வீட்டிலிருந்து வருகிறவர்களின் பெயர் கேட்டார்கள். அம்மாவின் பெயரையும் உங்கள் பெயரையும் கொடுத்தேன். உங்களை விட்டால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர ஆள் இல்லை என்பதற்காக அல்ல. நீங்கள் வர வேண்டும் என்பதற்காக.

அன்புடன்,
நிலுக்சன்

*

ஆலங்குடா
29.06.2025

நிலுக்சனுக்கு,

இந்தக் கடிதத்தை வாடியில் வாசிக்கவில்லை. வள்ளத்துக்குப் பின்னால் இருந்து தனியாக வாசித்தேன். அவர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதியிருந்தாய். சின்ன வயதில் இருந்து நானும் அதைத்தான் கோவிலில் சொல்லி வருகிறேன். திருநாளுக்குச் சுரூபம் தூக்கியிருக்கிறேன். ஆனால் உயிரோடு இருக்கிற ஆளுக்குக் காது கேட்கும் என்று நான் ஒரு நாளும் யோசிக்கவில்லை. அப்படியென்றால் நான் சொன்ன எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டுதானே இருந்திருப்பார். டொல்பின் கதையில் இருந்து.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போனது.

போன கடிதத்தில் எழுதியது பொய். ஷானிகாவைத் தேடி நான் ஒரு நாளும் போகவில்லை. அன்று முற்றத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்தது நான் மட்டும்தான். ஷானிகா பிள்ளையின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். சிலாபத்தார் ஒரு தேத்தண்ணிகூடக் குடிக்காமல் அவளை ஏசிவிட்டுப் போனார்கள். பெனரைக் காற்றுக் கிழிக்கவில்லை. நான்தான் இருட்டோடு போய் அறுத்தேன்.

நீ என்னை அந்தக் கூட்டத்துக்கு முன்னால் காட்டிக் கொடுத்திருக்கலாம். "எங்கட வீட்டால வந்த பிழை அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று மட்டும் சொன்னாய். அது என் பிழை. அதை நீ தூக்கினாய். நானும் ஒரு கை கொடுத்து இறக்காமல், எழுத்து விளங்கவில்லை என்று சொல்லி அதற்கு மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டேன். உன் எழுத்து முத்து மாதிரி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஷானிகாவிடம் போய்ச் சொன்னேன். நான்தான் மாற்றி வாசித்தேன் என்று. அவள் மன்னிக்கவில்லை.

"எனக்கு மட்டும் ரகசியமாச் சொல்லி என்ன மாமா பிரயோசனம்? நீங்க வாசிச்சது ஊருக்கு முன்னால. நான் ஏச்சு வாங்கினது சிலாபத்தார்ட. அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள்.

அதனால் பின்னேரம் வாடியில் உன் பழைய கடிதத்தை எடுத்து, முதலில் இருந்து, இருமாமல் வாசித்தேன். "காலையில் முதியவர்களைக் குளிப்பாட்டுகிறேன்." ஃபாஹிம் நக்கல் அடிப்பான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "எங்கட வாப்பாவ கடைசியில நான்தான் கழுவினேன் பஸ்தியான். இத ஏன் ஒளிச்ச?" என்று கேட்டான். நக்கல் அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் சிலாபத்துக்குப் போனேன். ஞானத்தகப்பன் கேற்றைத் திறக்கவில்லை. உள்ளே நின்று கேட்டார். நான் றோட்டில் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டுச் சனமும் பார்த்துக்கொண்டு நின்றது. சொல்லி முடிய, "சரி, போங்க" என்றார். அவ்வளவுதான்.

நேற்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. பங்குச் சுவாமி கொடுத்தார். சிலாபத்தார் வந்திருந்தார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மணி அடித்ததைக் கேட்டுப் போய், உள்ளே ஏற முகம் இல்லாமல் கோவில் சுவரோடு நின்றேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டது. ஏதாவது செபம் சொல்லலாம் என்று பார்த்தேன். இத்தனை வருசம் ஓயாமல் கதைத்த வாய்க்கு ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, நான் இங்க நிக்கிறன்" என்று மட்டும் சொன்னேன். கூட்டிச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை, அவருக்கு முன்னமே எல்லாம் தெரியும். அவரை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. சனம் கலைந்த பிறகு உள்ளே போய், நனைந்திருந்த தரையைத் துடைத்துவிட்டு வந்தேன். ஷானிகா கண்டாள்.

அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆகஸ்டில் வருகிறேன். நான்கு நாள் முந்தி வந்தால் அங்கே தண்ணீர் தூக்க, துணி அலம்ப ஆள் தேவைப்படுமா என்று கேட்டு எழுது. கிழவர்மார் திட்டினால் பரவாயில்லை.

மடத்து வாசலில் நீங்கள் யார் என்று கேட்பார்கள் அல்லவா. பிரதர் நிலுக்சனின் மாமா என்று சொல்வேன். சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் நிற்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

மாமா