அக்கா, உன் குவெரியில் ஒரு காலிக் கட்டம்

என் செல்ல அக்காவுக்கு,

நீ கண்மூடியபிறகு மண்ணரை பனியன் கம்பெனியில் உன் நாற்காலியில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன். தையல் கணக்குக்காக நீ கம்ப்யூட்டரில் போட்டுவைத்த ஆக்சஸ் ஃபைலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியதில்லை. உன் கையால் அடித்தது என்று வேறென்ன மிச்சம் இருக்கு, சொல்லு?

போன வாரம் தொட்டே ஆகவேண்டி வந்தது. சாமளாபுரத்திலிருந்து பெண்களைக் கூட்டிவந்து தைக்கும் ராணியை ஞாபகம் இருக்கா? அவ்வளவு சுத்தமாகத் தைக்கிறவளின் பண்டில்களை, பாஸா ரிஜெக்டா என்று பிரிக்க நீ அதில் எழுதிவைத்த குவெரி, வரிசையாக ரிஜெக்ட் என்றது. திங்கள்கிழமையிலிருந்து ராணி பேட்ச் வேண்டாம் என்று மேனேஜர் முடிவே கட்டிவிட்டார்.

பயந்துகொண்டேதான் குவெரியைத் திறந்தேன். குறை இரண்டுக்குள் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் ரிஜெக்ட். உன்னுடைய ஒரே வரி. அடைப்புக்குறிகளைச் சரிபார்த்தேன், ஃபீல்டு பெயரைப் பார்த்தேன், ஒரு தப்பும் இல்லை. உன்மேல் கோபம்கூட வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

கடைசியில் ரிஜெக்ட் ஆனதை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தேன். முக்கால்வாசியில் குறைக் கட்டம் காலி. செக்கிங் மேசைக்குப் போய், குறையை எண்ணி எழுதி அனுப்பும் சீட்டில் ஏன் ஒன்றுமே எழுதவில்லை என்று அங்கிருந்த அம்மாவிடம் கேட்டேன்.

"கொறையே இல்லையே கண்ணு, என்னத்தை எழுதறது?"

அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலிக்கெல்லாம் நீயே பூஜ்யம் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நானோ சீட்டில் காலியாக இருந்ததைக் காலியாகவே விட்டுவிட்டேன். ஆக்சஸுக்குக் காலி வேறு, பூஜ்யம் வேறு. காலியைப் பார்த்து இரண்டுக்குள்ளா என்று கேட்டால் ஆமாம் சொல்லத் தெரியாமல் ரிஜெக்டில் தள்ளிவிடுகிறது. குறையே இல்லாமல் தைத்தவர்கள்தான் அங்கே போய் விழுந்திருக்கிறார்கள்.

உன் வரியை அழிக்க மனசு வரலை. அதற்கு வெளியே இன்னொன்று போட்டேன்: கட்டம் காலி என்றால் பாஸ், இல்லாவிட்டால் நீ எழுதியது அப்படியே. செக்கிங் முடிந்த சீட்டுதான் என்னிடம் வரும், அதனால் பயமில்லை. ஓட்டிப் பார்த்தேன். ராணியின் பண்டில்கள் பாஸ் பக்கம் வந்து நின்றன.

மேனேஜர் எட்டிப் பார்த்து, ராணி பேட்ச் வரட்டும் என்று சொல்லிவிட்டு, "இது உங்க அக்கா எழுதுனதுங்களா?" என்றார்.

"நாங்க ரெண்டு பேருமுங்க" என்றேன்.

திங்கள்கிழமை ராணி எப்போதும்போல ஆட்களோடு வந்தாள். அவளுக்கு இதெல்லாம் தெரியாது. நான்தான் காலையிலிருந்து சிரித்துக்கொண்டே இருந்தேன். நீ போனபிறகு அந்த நாற்காலியில் நான் சிரித்தது அன்றைக்குத்தான் அக்கா.

இனிமேல் உன் ஃபைலைத் திறக்கப் பயப்பட மாட்டேன். வேண்டியதைச் சேர்ப்பேன். எத்தனை சேர்த்தாலும் நடுவில் உன் வரி இருக்கும்.

உன் பக்கத்தில் எழுதப் பழகிக்கொண்ட தங்கச்சி,
கோமதி