ஜன்னலோரக் கட்டிலும் லிஃப்ட்காரரின் ரத்த அழுத்தமும்

அனுப்புநர்:
ஜன்னலோரக் கட்டில்காரி
(நீதிமன்ற வாசலில் மனு எழுதுபவர்),
பிரசவ வார்டு.

பெறுநர்:
மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவர்கள்.

பொருள்: என் கணவரின் ரத்த அழுத்தத்துக்காக என்னைப் படுக்க வைத்திருப்பது தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

வேலிச் சண்டை முதல் விவாகரத்து வரை ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. எனக்காக எழுதுவது இதுவே முதல். படுத்துக்கொண்டே எழுதுவதால் கையெழுத்தைப் பொறுத்தருளவும்.

1. கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தம் ஏறித் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாவது பற்றி இங்கே ஆய்வு நடக்கிறது. நல்ல காரியமாயிற்றே என்று நானும் சேர்ந்தேன். வீட்டுக்கே ஒரு கருவி கொடுத்தார்கள். காலையில் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினால் அளவு தானாக ஆய்வுப் பிரிவுக்குப் போய்விடும். போகாவிட்டால் செவிலியர் போனில் பிடித்துக்கொள்வார்.

2. என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். எனக்கோ விடிந்த பிறகுதான் கண் அசரும். என்னை எழுப்பவும் மனமில்லாமல், போன் மணி எழுப்பவும் விடாமல், அந்த மனிதர் பட்டையைத் தம் கையிலேயே சுற்றி அழுத்தியிருக்கிறார். நான் எழுந்து கேட்டால், "அதெல்லாம் நீ தூங்கும்போதே எடுத்தாச்சு" என்பார். என் கையில்தான் எடுத்தார் என்று நம்பினேன்.

3. அளவு ஏறிக்கொண்டே போக, ஆம்புலன்ஸ் வந்து என்னைத் தூக்கி வந்தது. இங்கே எடுத்தால் எல்லாம் சரியாக இருக்கிறது. ஆய்வு மருத்துவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் ஏறி ஆஸ்பத்திரியில் இவ்வளவு இறங்குவது அபூர்வமாம்; மாநாட்டில் என்னைப் பற்றிப் பேசப் போகிறாராம். மாணவர்கள் கூட்டமாக வந்து என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகிறார்கள். எனக்கு உப்பில்லாத சாப்பாடு.

4. நேற்றுப் பார்வையாளர் நேரத்தில் கணவர் உண்மையைக் கக்கினார். "ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே கவலை. உனக்கு எவ்வளவோ அவ்வளவுதானே எனக்கும் இருக்கும்" என்றார். கட்டிலை விட்டு இறங்கக் கூடாதென்பது உத்தரவு, ஆகையால் அடிக்கவில்லை.

5. செவிலியரிடம் சொன்னேன். "வீட்டுக்குப் போக ஆளாளுக்கு ஒரு கதை சொல்றாங்க. உங்க கதை புதுசா இருக்கு, படுங்க" என்றார். மருத்துவரோ கருவி பொய் சொல்லாது என்றார். நானும் அதையேதான் சொல்கிறேன், ஐயா.

கருவி பொய் சொல்லவில்லை என்றால் அந்த அளவு அவருடையது. ஆம்புலன்ஸ் வரவழைத்த அந்த ரத்த அழுத்தத்தோடு இன்று காலையும் அவர் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்றிருப்பார். அவரை ஒருவரும் சோதிக்கவில்லை. சோதித்துக்கொள்ளச் சொன்னால், "எனக்கு எதுக்கு, நானா மாசமா இருக்கேன்?" என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகவே, இன்று மாலை அவர் வந்ததும் வார்டுக் கதவை அடைத்து, பட்டையைக் கட்டி, அளவெடுக்க உத்தரவிட வேண்டுகிறேன். ஆய்விலிருந்து என்னை நீக்கினாலும் சரி, அவரையும் சேர்த்துக்கொண்டாலும் சரி. பிள்ளை பிறக்கும்போது வராந்தாவில் பதறிக்கொண்டு நடக்க அவர் இருக்க வேண்டும். கட்டில் காலியில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். என் கட்டிலைத் தருகிறேன். பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போதும்.

இடம்: ஜன்னலோரம்
நாள்: வார்டுக் காலண்டரில் தாள் கிழிக்கப்படவில்லை, தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.

தங்கள் உத்தரவுக்காகப் படுத்திருக்கும்,
(கையொப்பம்)
லிஃப்ட்காரர் மனைவி