நான் கொட்டிய மேல்தண்ணீர்

என் பேச்சை ஒருநாளும் கேட்காத அருமைக் கன்னியப்பா,

நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. ஆய்வகத்தில் உன் கொக்கியில் இன்னும் உன் நீலச் சட்டைதான் தொங்குகிறது. எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் அனுமதிக்க மாட்டேன்.

செங்கல்பட்டு ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று நீ சம்புக் கோரை அறுத்த காலைகள் நினைவிருக்கின்றனவா? கரையில் நின்று நான் எடை குறிப்பேன். "எழுதிகினே இரு அண்ணாத்த. அட்டை கடிக்கிறதையும் நோட்டுல போட்டுக்கோ" என்பாய். ஈரக்கட்டோடு பேருந்தில் ஏறினால் நடத்துநர் முறைப்பார். "படிக்கப் போவுது சார், உடுங்க" என்று சமாளிப்பாய்.

அந்தக் கோரையின் நாரை அமிலத்தில் ஊறவைத்து, கண்ணுக்குத் தெரியாத செல்லுலோஸ் நுண்ணிழைகளைப் பிரிக்க வேண்டும். அவற்றிலிருந்து மண்ணில் மட்கும் உறை செய்ய வேண்டும். எனக்கு அது ஆய்வுத் தலைப்பு. உனக்கோ, திருக்கழுக்குன்றத்தில் பாலிதீன் பை தின்று செத்த உன் வீட்டுப் பசு.

விதிப்படி, அமிலம் போக ஏழு முறை கழுவுவேன். ஒவ்வொரு முறையும் மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடியில் தங்குவதை எடுத்துவைப்பேன். மூன்று ஆண்டுகள் கிடைத்தது வெறும் கூழ்தான். நான் விடுப்பில் இருந்தபோது, ஐந்தாம் கழுவலில் கலங்கி வந்த மேல்தண்ணீரை நீ ஒரு புட்டியில் பிடித்துச் சன்னலில் வைத்திருந்தாய். திரும்பி வந்தவன் பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியைக் கண்டேன், தொட்டியில் ஊற்றினேன். அதுவும் விதி.

"மூணு நாளா அடியில படியவே இல்ல அண்ணாத்த. இன்னாமோ கீதுன்னு வச்சிருந்தேன். லேபிள் இல்லன்னா ஆளையே ஊத்திடுவ போல நீ!" என்று சிரித்தாய். நானும் சிரித்தேன். அது ஏன் படியவில்லை என்று அன்று நான் ஏன் கேட்கவில்லை?

சென்ற மாதம் அதே ஐந்தாம் கழுவலில் தண்ணீர் கலங்கியது. கொட்டப் போன கை நின்றுவிட்டது. ஒரு புட்டியில் பிடித்துவைத்தேன், பத்து நாளாகியும் படியவில்லை. அமிலம் நீங்க நீங்க, இழைகள் அடியில் தங்காமல் தண்ணீரோடு மேலே வந்துவிடுகின்றன. நாம் தேடியதைத்தான் இத்தனை காலமும் கொட்டிக்கொண்டிருந்தேன், கன்னியப்பா.

அதில் கொஞ்சத்தைத் தட்டில் காயவைத்து உரித்த படலத்தை உன் மனைவி செல்வியிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"கண்ணாடி மாரி கீதுண்ணா. இத்த மாடு துன்னா ஒண்ணும் ஆவாதா?"

"இன்னும் சோதிக்கவில்லைம்மா."

"அவரு இருந்திருந்தா அவரே துன்னு காட்டியிருப்பாரு."

உதவியாளர் பெயர் ஆய்வறிக்கையில் வரக்கூடாது என்பது நம் நிறுவன விதி. முதல் பெயராக உன் பெயரை எழுதியிருக்கிறேன். அதை அடித்தால் என் பெயரையும் அடிக்கச் சொல்வேன். நீ இல்லாமல் அந்த அறிக்கை வெளியே போகாது.

புட்டி அதே சன்னலில் இருக்கிறது. பெயர்ச்சீட்டு ஒட்டவில்லை. யாரும் கொட்டாமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைவிட நான்கே மாதம் மூத்த உன் அண்ணாத்த,
சிவராமன்