கல் கச்சேரியில் கல்யாணம்

புதூர்நாடு,
27-5-1983

அன்பு மகள் செந்தாமரைக்கு அம்மா எழுதிக்கொள்வது. பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்கவேண்டும். இங்கே நாங்களும் சுகம்தான், சாதாரண சுகம் இல்லை, நாலு நாளாகக் கால் தரையில் பாவாத சுகம். உன் தம்பி பழனிக்குத் திங்கட்கிழமை கல்யாணம் முடிந்தது. உன் நைனா கொடுத்த தந்தி கிடைத்திருக்கும், 'கல்யாணம் நல்லபடி நடந்தது' என்று மட்டும் கொடுத்தாராம். என்ன நடந்தது, எங்கே நடந்தது, யார் நடத்தி வைத்தது, எதுவும் அதில் இல்லை. நான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், நீ எப்போதும் செய்வதுபோலக் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடாதே.

மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு. அவர் நம் கல் கச்சேரியைப் பார்த்ததில்லை, அதனால் அவருக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வெள்ளைக்காரன் சந்தனக்கட்டையை எடைபோட்டு முத்திரை குத்தக் கட்டிய ஆபீஸ் அது, இரண்டடிக் கனத்துக்குக் கல் சுவர், மேலே ஓடு, நடு உத்தரத்தில் தராசு மாட்டும் இரும்புக் கொக்கி. அந்த ஆபீஸ் திருப்பத்தூருக்கு இறங்கிப் போன பிறகு அது ரேஷன் கிடங்கு ஆனது, பஞ்சத்து வருஷம் மாட்டுக்கு வைக்கோல் அடைத்தார்கள், பள்ளிக்கூடத்துக் கூரை காற்றில் பறந்தபோது ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அங்கேதான் நடந்தது, ஓட்டுப் போடுவதும் அம்மை ஊசி போடுவதும் அங்கேதான். இரண்டு வருஷமாக ஒன்றும் இல்லை, பூட்டுத் தொங்குகிறது. பூட்டுக்குக் காவல் உன் நைனா. அவர் இடுப்புக் கயிற்றில் அந்தச் சாவி இல்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. போன மாதம் ஒரு கடிதாசி வந்தது, கட்டடம் பழசாகிவிட்டது, கூரை தாங்காது, புதிய ஆபீசர் கல்யாணம் கழிந்த புதன்கிழமை வந்து பார்த்துவிட்டு இடிக்க எழுதுவார் என்று. கட்டடம் போனால் காவலும் போகும், எங்களைக் கீழே எங்கேயாவது மாற்றிவிடுவார்கள். கல்யாண வேலைக்கு நடுவே உன் நைனா இதையே நினைத்துக்கொண்டு சரியாகச் சாப்பிடவில்லை. நான்தான், திங்கட்கிழமை கல்யாணம், புதன்கிழமை அழுதுகொள்ளலாம் என்று சொன்னேன்.

திங்கட்கிழமை காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம். பெண் நீலாவதியும் அவள் மனிதர்களும் கண்ணமங்கலத்திலிருந்து முதல் நாளே வந்து தலைமை ஆசிரியர் வீட்டில் தங்கியிருந்தார்கள். நம் பக்கத்துப் பெண்கள், உன் பெரியம்மா மகள் மணியம்மாள் எல்லாரும் காலையில் ஜீப்பில் மலை ஏறுவதாக ஏற்பாடு. நீ பச்சைக் குழந்தைக்காரி, வரமுடியாது என்பதால் நாத்தனார் விளக்குப் பிடிக்கவும் மூன்றாம் முடிச்சுப் போடவும் மணியம்மாள்தான் என்று பேசி வைத்திருந்தோம். எட்டு மணிக்கு வானம் இருட்டியது பார், கோடை மழை, நீ சின்ன வயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிவாயே அந்த மாதிரி இடி. ஒரே காற்றில் பந்தல் எழுந்து, சத்தியமாகச் சொல்கிறேன், பலா மரத்து மேலே போய் உட்கார்ந்துகொண்டது. அடுப்பு அணைந்தது. நம் வீட்டில் பத்துப் பேர் நின்றால் பதினோராவது ஆள் வாசலில் நிற்கவேண்டும், வந்திருந்தது ஊர் முழுக்க. பெண்ணின் மாமா ஒருவர் நனைந்த துண்டைப் பிழிந்துகொண்டே, 'இன்னாங்க இது, சகுனமே சரியில்லியே, வேற நாள் பாக்கலாமா' என்று ஆரம்பித்துவிட்டார். நீலாவதி முகத்தைப் பார்த்தேன், மஞ்சள் எல்லாம் கழுத்தில் வழிய நிற்கிறாள்.

நான் உன் நைனாவிடம் போய்க் கச்சேரியைத் திறங்க என்றேன். அவர் என்னை ஏதோ கொலை செய்யச் சொன்னவளைப்போலப் பார்த்தார். 'அது கவுர்மெண்ட் கட்டடம், உத்தரவு இல்லாம தெறக்கக் கூடாது, நாளான்னிக்கு ஆபீசர் வர்றாரு' என்றார். வாய் அப்படிச் சொல்கிறதே தவிர கை சாவியை மூடவில்லை, அதை நான் பார்த்துவிட்டேன். எனக்கு அது போதும் கண்ணு. அவர் இடுப்பில் கை விட்டு, ஊரே பார்க்க, கயிற்றோடு சாவியை இழுத்துக்கொண்டு ஓடினேன். இந்த வயதில் அந்தச் சேற்றில் நான் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து நம் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலை இன்றுவரை சிரிக்கிறாள். பின்னால் உன் நைனா, அவர் பின்னால் மேளக்காரர், அவர் பின்னால் எல்லா ஜனமும். பூட்டுத் திறந்ததும் உள்ளே இருந்து வந்த வாசனையை எப்படிச் சொல்வது, அத்தனை வருஷத்துச் சந்தனமும் ஈரக் காற்று பட்டு எழுந்துவிட்டது. சகுனம் சொன்ன மாமாவே மூச்சை இழுத்துவிட்டுச் சும்மா ஆகிவிட்டார்.

அதன்பிறகு அரை மணியில் எல்லாம் ஆயிற்று. எடை போடும் கொக்கியில் மாலைகள், ரேஷன் அரிசி அளந்த பலகை மேல் மாப்பிள்ளையும் பெண்ணும், பின் அறையில் பாஞ்சாலை மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிவிட்டாள். எல்லாம் இருக்கிறது, மணியம்மாள் இல்லை. கீழே ஓடை வளைவில் தண்ணீர் புரண்டு ஜீப்புகள் நின்றுவிட்டனவாம். மணி பத்தைத் தாண்டிவிட்டது, விளக்குப் பிடிக்க நம் முறையில் ஒரு பெண் இல்லை. அப்போது வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள், முப்பது முப்பத்தைந்து வயது, தலையிலிருந்து கால்வரை சொட்டச் சொட்ட நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. ஜீப்பில் வந்தியா அம்மா என்றேன், ஆமாம், வளைவில் நின்றுவிட்டது, நடந்து வந்தேன் என்றாள். சரி, மணியம்மாளோடு வந்த தூரத்துச் சொந்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவள் 'நான் வந்து...' என்று ஏதோ சொல்ல வந்தாள். 'அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்மா, நேரம் போவுது, உனக்குத் தம்பி கீறானா' என்று கேட்டேன். இருக்கிறான் என்றாள். 'அப்போ இன்னிக்கு இவனும் உன் தம்பிதான்' என்று, என் காய்ந்த புடவை ஒன்றை அவள் தோளில் போர்த்தி விளக்கைக் கையில் கொடுத்துவிட்டேன். அவள் ஒரு நிமிஷம் கட்டடத்தை அண்ணாந்து பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு செருப்பை ஓரமாக வைத்துவிட்டு விளக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் முடிச்சையும் அவள்தான் போட்டாள், எவ்வளவு கவனமாகப் போட்டாள் தெரியுமா. அந்த நேரம் நான் மனசுக்குள் உன் பெயரைத்தான் சொன்னேன்.

அட்சதை போட்டுக் கை இறங்குவதற்குள் ஒரு பியூன் பைல் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். நேரே அவள் முன்னால் நின்று சலாம் வைத்து, 'அம்மா, நீங்க இங்கியா கீறீங்க, ஆபீசரைக் காணோம்னு வழியெல்லாம் தேடினேன்' என்றான். மேளம் தானாக நின்றது. மழை வந்தால் பாதை அடைபட்டுவிடும் என்று புதன்கிழமைக்குப் பதில் அன்றே கிளம்பி வந்திருக்கிறாள். ஆபீசர் என்றால் ஆண்பிள்ளை என்றே நாங்கள் எல்லாம் நினைத்திருந்தோம்! உன் நைனா தலையில் அட்சதை ஒட்டிக்கொண்டிருக்க, ஈர வேட்டியோடு அட்டென்ஷனில் நின்று, 'மன்னிக்கணும்ங்க, நான்தான் தெறந்தேன், வூட்டுக்காரிக்கு ஒண்ணும் தெரியாதுங்க' என்றார். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனிதர் சொன்ன முதல் பொய், அதுவும் எனக்காக. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா பியூனிடம் ரிஜிஸ்தரைக் கேட்டு வாங்கினாள். மழை இன்னும் ஓட்டின்மேல் கொட்டிக்கொண்டிருக்கிறது, அவள் மூலை மூலையாகப் போய் அண்ணாந்து பார்த்தாள், சுவரில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு மணப்பலகை ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். உன் நைனா அதை மனப்பாடமாகவே சொல்கிறார், காலையில் பல் விளக்கும்போதும் சொல்கிறார். 'மேற்படி கட்டடம் கனமழையின்போது சுமார் நூற்றிருபது நபர்களுடன் நேரில் சோதிக்கப்பட்டது. ஒரு சொட்டும் ஒழுகவில்லை. இடிக்க அவசியம் இல்லை. பொதுமக்கள் உபயோகத்துக்கு விடலாம்.' எழுதி முடித்து உன் நைனாவிடம், 'அடுத்த முறை முன்னாடியே ஒரு மனு கொடுத்துடுங்க' என்றாள், அவ்வளவுதான். பெண்ணின் மாமா இருக்கிறாரே, அவர்தான் முதலில் கை தட்டினார். அப்புறம் அந்த அம்மா எங்களோடு தரையில் உட்கார்ந்து சாமைப் பாயசம் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். மணியம்மாள் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்து, என் வேலையை யார் செய்தது என்று சண்டைக்கு வந்தாள், யார் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

இப்போது உன் நைனாவைக் கையில் பிடிக்கமுடியவில்லை. செவ்வாய் ஊசி நர்சுக்கு, சனி ரேஷனுக்கு, முகூர்த்த நாள் கல்யாணத்துக்கு என்று ஒரு அட்டையில் எழுதிக் கதவில் மாட்டியிருக்கிறார். ஆனி மாதத்துக்கு இப்போதே இரண்டு கல்யாணத்துக்கு மனு வந்துவிட்டது, மனு இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்புகிறார். நீலாவதி நல்ல பெண், வந்த மறுநாளே எனக்குத் தலை வாரிவிட்டாள்.

பிலாய் வெயிலில் குழந்தையை மத்தியானம் வெளியே எடுக்காதே. உனக்கு முதுகு வலி என்று எழுதியிருந்தாய், வெந்நீரில் குளி, குனிந்து துணி துவைக்காதே, மாப்பிள்ளை இரண்டு வாளி தண்ணீர் தூக்கினால் குறைந்துபோகமாட்டார், இதையும் படித்துக் காட்டு. குழந்தையின் போட்டோ ஒன்று அனுப்ப மறக்காதே. தை மாதம் லீவு போட்டு வாருங்கள், பேரனுக்கு இங்கேதான் காது குத்தவேண்டும். இடத்தைப் பற்றிக் கவலை இல்லை, ஊரில் முதல் மனுவாக உன் பெயரில் நானே எழுதிக் கொடுத்துவிட்டேன், உன் நைனா முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு வாங்கி, 'பரிசீலிக்கப்படும்' என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மூன்று பேரும் தீர்க்காயுசாக, வயிறும் மனசும் நிறைந்து இருக்கவேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அம்மா,
தே. மங்கம்மாள்