புகைக்குள் எடுத்த படம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் வணக்கத்தோட எழுதுறது. முட்டிவலி தேவலையா? என் பாப்பா ஒழுங்கா சாப்பிடுறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. எழுத்து கோணலா இருந்தா, பேனா சரியில்லைன்னு நினைச்சுக்கோங்க.

நான் பார்த்துக்கிற பெரியவர் ஓவியம் சேர்க்கிறதுல பேர்போனவர்னு சொன்னேனே, குளியலறைச் சுவரைக்கூட அவர் விட்டுவைக்கலை. நேத்து மத்தியானம் கூடத்துல வயர் தீப்பிடிச்சு வீடெல்லாம் புகை. அவரைச் சக்கர நாற்காலியோட வாசலுக்குத் தள்ளினேன். அவரோ கதவு நிலையைப் பிடிச்சுக்கிட்டு, "என்னை விடு! கட்டிலுக்கு மேல இருக்கிற படத்தை எடும்மா!"ன்னு அலறினாரு.

அவர் கையைப் பிரிச்சு வெளியே விட்டுட்டு, உள்ளே ஓடினேன். கண்ணு தெரியலை, மூச்சு முட்டுது. செத்துருவேன்னே நினைச்சேன். கைக்குக் கிடைச்சதைப் பிடுங்கிக்கிட்டு ஓடிவந்தேன். வெளிச்சத்துல பார்த்தா, அது வேற படம்! தீயை அணைக்கிறதுக்குள்ள அவர் கேட்டது கருகிப்போச்சு.

அவர் மகன் வந்து, "போயும் போயும் இதையா எடுத்தே?"ன்னு என்மேல பாய்ஞ்சாரு.

பெரியவர் குறுக்கிட்டு, "நான்தான் இதைக் கேட்டேன்"னாரு. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கிட்டு அழுதாரு.

வேலை போகாது, பயப்படாதீங்க. ஆனா யாராவது அடுப்பு பத்தவச்சாலே நெஞ்சு படபடங்குது. நம்ம வீட்டு கேஸ் குழாயை உடனே மாத்திடுங்க. பாப்பாவோட சட்டை ஒண்ணு அனுப்புங்க, துவைக்க வேணாம்.

பெரியவர் கூப்பிடுறாரு. வரேன்மா.